ரிட்டன் சொன்ன செவ்வாய்க்கிழமை

ரயில் கட்டணத்தை ரயில்வேக்காரர்களைவிடத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர், ரயிலே வராத உத்திரமேரூரில் நெல் மூட்டைக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். சம்பளப் பதிவேட்டில் அவர் பெயரை மாதாமாதம் எழுதியவனே நான்தான். ஆனாலும் ஊருக்கு அவர் ‘ரிட்டன்’, எனக்கும் ரிட்டன்.

எழுபதுகளின் கடைசி. நெல் மண்டியில் நான் குமாஸ்தா. எந்தக் கிழமை போய் எந்தக் கிழமை திரும்பினால் டிக்கெட் மலிவு என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. போகிற நாளைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. “போறவன் எப்படியும் பூடுவான். திரும்புறதுலதான் கீது சூட்சுமம்” என்பார்.

சாலவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிறவர். அவர் ரயிலேறி யாரும் பார்த்ததில்லை. பழைய பேப்பர் கடையில் வாங்கிய ரயில்வே டைம்டேபிளின் பின்பக்கத்துப் பொடியெழுத்து விதிகள் மட்டும் அத்தனையும் மனப்பாடம்.

மாகறலிலிருந்து திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போன முப்பது பேர், இவர் பேச்சைக் கேட்டு ஒரு நாள் தள்ளித் திரும்பினார்கள். பெண் வீட்டுக்காரர் அத்தனை பேருக்கும் இன்னொரு நாள் நாஷ்டாவும் இரண்டு வேளைச் சாப்பாடும் போட்டு அனுப்பிவிட்டு, ரிட்டன் என்பவர் யார், என்ன வயது, கையில் அகப்படுவாரா என்று விசாரித்துக் கடிதம் எழுதினார். கும்பகோணத்துக்குத் துக்கம் கேட்கப் போன ஒருவர், சாவு வீட்டுக்காரர்கள் அழுகையை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் கிளம்பவில்லை. சலுகை நாள் வரவில்லையாம்.

எனக்குப் பொறாமை. தேதி போட்டு எழுதிவைக்கிற பொறாமை. ஊருக்கு மின்சாரம் வந்த நாள், ஏரி நிரம்பிக் கலங்கல் போன நாள், எல்லாம் என்னிடம் கிழமையோடு இருக்கும். ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. தராசுக்கு முன்னால் மட்டும் எப்போதும் கூட்டம். ரகசியமாக நானும் ஒரு டைம்டேபிள் வாங்கி, அவர் சொன்னதில் ஒரே ஒரு தப்பைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் படித்தேன். அகப்படவில்லை.

அந்த ஆவணியில் என் மனைவி கோமதிக்குச் சிதம்பரத்தில் தாய் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மண்டிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், என் மேசையைத் தாண்டிப் போய், எந்த ரயில் என்று அவரிடம் கேட்டாள். அன்று வீட்டில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. போனவள் சொன்ன நாளில் திரும்பவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

நேரில் போய் அழைக்க லீவு கேட்டேன். ரிட்டன் தானாக என் மேசைக்கு வந்தார்.

“சனிக்கெயம போ நைனா. போறதுக்கு மட்டும் டிக்கெட்டு வாங்கு. ஞாயிறு, திங்க திரும்பாத. செவ்வாய் வடக்கே சூலம், ஒருத்தனும் வண்டியேற மாட்டான். காலியா ஓடுதேன்னு அன்னிக்கி பாதி வெலைக்குக் குடுக்கறான்.”

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். செவ்வாயன்று வடக்கே பயணம் ஆகாது, சரிதான். டைம்டேபிளில் அப்படி ஒரு விதியைப் படித்த நினைவில்லை. என் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் பட்டிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

ஞாயிறு காலை சிதம்பரத்தில் கோமதியிடம், வருகிறாயா இல்லையா என்று சம்மன் கொடுப்பவன்போலக் கேட்டேன். வரவில்லை என்றாள். டிக்கெட் விவகாரம் இல்லாவிட்டால் அடுத்த வண்டிக்கே கிளம்பியிருப்பேன். திங்கட்கிழமை பொழுது போகாமல் கிணற்றில் தண்ணீர் சேந்தித் தொட்டியை நிரப்பினேன். கோமதி எட்டிப்பார்த்து, பாசி பிடித்திருக்கிறது, கொட்டிக் கழுவிவிட்டு நிரப்புங்கள் என்றாள். கழுவி நிரப்பினேன். அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்றாள். மூன்றாம் தடவை வாளியை இறக்கும்போது சிரித்துவிட்டாள். நான் பேசியது தப்பு என்று அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது.

செவ்வாய் காலை பெட்டியோடு நின்றாள். மாமியார் சூலத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுத்தார்.

ஸ்டேஷனில் சூலச் சலுகை கேட்டேன். “ரயிலுக்கு ஏது சார் சூலம்?” என்றார் டிக்கெட் கொடுப்பவர். முழுக் கட்டணத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் கொடுத்ததில்லை. ரிட்டன் அகப்பட்டுவிட்டார். மண்டியில் இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று விழுப்புரம்வரை ஒத்திகை பார்த்தேன்.

விழுப்புரம் தாண்டியதும் கோமதி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “நீங்க ஞாயித்துக்கெழமையே கெளம்பியிருந்தா நான் தீபாவளிக்குக்கூட வந்திருக்க மாட்டேன்.”

அதற்குப் பிறகு ஒத்திகை ஓடவில்லை. பொடியெழுத்து விதி ஒன்றுகூடப் பிசகாதவர், இல்லாத விதியை எனக்கு மட்டும் ஏன் சொன்னார் என்று செங்கல்பட்டுவரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

புதன் காலை மண்டி நிறையக் கூட்டம். தராசடியிலிருந்து குரல் வந்தது.

“இன்னா நைனா, டிக்கெட்டு பாதிக்குக் கெட்ச்சிதா?”

முதலாளியிலிருந்து மூட்டை தூக்குபவர்வரை என்னைப் பார்த்தார்கள். மூன்று மாதம் படித்துக் கிடைக்காத தப்பு நாக்கு நுனியில் இருந்தது.

“கெட்ச்சிதுண்ணா,” என்றேன். “வண்டிகூட காலியாத்தான் வந்துது.”