வைப்ராபோன் தட்டும் ஞானவேலின் குக்கரும்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் ஞானவேல். என் மனைவி சிவபாக்கியத்தின் தம்பி.

நானும் அவனும் கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தோம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் துரை தன் ஊருக்குக் கிளம்பும்போது, வேலைக்காரர்கள் ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஞானவேல் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்ப் பெரிய குக்கரைத் தூக்கினான். சமையல்காரர் தங்கமுத்து பாட்டுப் பெட்டியைத் தூக்கினார். நான் ஒரே ஓர் இசைத்தட்டை எடுத்தேன்.

சாயங்காலம் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது துரை அதைத்தான் போடுவார். உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கிக் குச்சியால் தட்டுகிற வாத்தியம். வைப்ராபோன் என்று பெயர். தட்டி முடித்த பிறகும் சத்தம் போகாது. காற்றில் நின்று நடுங்கும். வாசித்தவன் பெரிய வித்தைக்காரன், ஆனால் அவனை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை என்று துரை சொன்னார். அந்த நிமிடமே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சிவபாக்கியத்துக்குப் பிடிக்கவில்லை.

"என் தம்பி குக்கர் கொண்டாந்திருக்கான். நீங்க தட்டு கொண்டாந்திருக்கீங்க. சோறு போட்டுத் திங்கவாவது ஆகுமா?"

"நல்ல பாட்டுடி."

"போட்டுக் காட்டுங்க, கேப்போம்."

போட்டுக் காட்டப் பெட்டி இல்லை. அது தங்கமுத்து வீட்டில் இருந்தது. தங்கமுத்துவோடு எனக்குப் பேச்சு இல்லை. அது வேறு வழக்கு.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். 'நீங்க சொன்னதுதான் சரி' என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்காமல் கண்ணை மூட மாட்டேன். தட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். வருடத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, அட்டைக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவேன். உள்ளே இருப்பதை மட்டும் உருவ மாட்டேன். தூசி பட்டால் தட்டு கெட்டுவிடும் என்று துரை சொல்லியிருக்கிறார்.

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞானவேல் வீட்டில் குக்கர் விசில் அடித்தால், அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டில் சண்டை வரும்.

போன மாதம் பக்கத்து வீட்டு சுகன்யா போனை நீட்டினாள். ஊருக்குள் ஒரு கபேயில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, மறந்துபோன வைப்ராபோன் ஆல்பம் ஒன்றைப் போடப்போகிறார்களாம். ஜாஸில் ஹார்ட் பாப் என்று ஒரு காலம் இருந்ததாம், அப்போது வந்ததாம். அறுபது வருடமாக யாரும் சீண்டாத அதன் அருமை இப்போதுதான் தெரிந்திருக்கிறதாம். பெயரைப் படித்துவிட்டு, என் அட்டையில் இருப்பதும் அதே பெயர்தான் என்றாள். அந்த அட்டையை நான் காட்டாத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

அப்படியானால் ஊரில் இன்னொரு தட்டு இருக்கிறது! திட்டம் தானாக வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைப்பது. படித்த ஜனங்கள் கைதட்டுவார்கள். நான் எழுந்து என் தட்டை உருவிக் காட்டுவேன். அப்புறம் அவள் சொல்லித்தானே ஆகவேண்டும்?

எங்கே என்று சொல்லாமல் வெரசாகக் கிளம்பச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் நல்ல சேலை கட்டினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கபேக்காரர் முருகவேல், தாடி வைத்த மதுரைப் பிள்ளை, "வாங்கம்மா" என்று அவளுக்கு நாற்காலி போட்டார். எனக்கு நானே போட்டுக்கொண்டேன். காலையில் அவள் ஏதோ ஓட்டலுக்குப் பூண்டு உரிக்கப் போவது தெரியும். எந்த ஓட்டல் என்று கேட்டதில்லை. கேட்டால் குக்கர் பேச்சு வரும்.

பாட்டு ஆரம்பித்தது. அதே சத்தம். துரை வீட்டுத் தோட்டத்தின் ஈரமண் வாசனைகூட வந்தது. பக்கத்தில் யாரோ அதே மெட்டை முனகினார்கள். சிவபாக்கியம். வாத்தியம் வாசிப்பதற்கு ஒரு கண் இமைப்புக்கு முன்னால் இவள் முனகினாள்.

ஒரு பக்கம் முடிந்தது. கைதட்டல். எழுந்தேன்.

"இதே தட்டு எங்கிட்டயும் இருக்கு" என்று சொல்லி, சுற்றிக் கொண்டுவந்த துண்டைப் பிரித்து, அட்டைக்குள் கையை விட்டு உருவினேன். கறுப்பாகத்தான் வந்தது. வட்டமாகத்தான் வந்தது. நடுவில்தான் ஒன்றும் இல்லை.

குக்கர் கேஸ்கெட். விறைப்புக்குக் கூடவே ஒரு காலண்டர் அட்டை.

டிரங்குப் பெட்டி அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதன் பூட்டுக்கு இரண்டு சாவி உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன ஆயுத பூஜைக்கு நான் கற்பூரம் காட்டியது ஞானவேலின் கேஸ்கெட்டுக்கு.

கபேயே சிரித்தது. முருகவேல் மட்டும் ஓடிவந்து அட்டையை வாங்கி, பொட்டைத் துடைத்து, மேஜையில் நிறுத்தினார். இதைத்தான் ஒரு வருடமாகத் தேடினாராம். இந்த ஆல்பத்தைக் கண்டெடுத்தது தானில்லை, தங்கள் சமையல்கட்டில் பூண்டு உரிக்கும் சிவபாக்கியம் அம்மாதான் என்று கூட்டத்துக்குச் சொன்னார். என் தட்டை முந்தானையில் மூடிக் கொண்டுவந்தாளாம். ஒரு பக்கம் ஓடி முடிய ஒரு படி பூண்டு உரிபடுமாம்.

"மொத நாள் கேட்டுட்டு அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'எங்க வீட்டுக்காரரு சொன்னதுதான் சரி.'"

நான் திரும்பினேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"அவரு கேட்டாரு, சொன்னேன்."

"நான் கேக்குறேன். இப்பச் சொல்லு."

"சொன்னதையே எத்தனை தடவை சொல்றது? உக்காருங்க. அடுத்த பக்கந்தான் நல்லாருக்கும்."

உட்கார்ந்தேன். முருகவேல் தட்டைத் திருப்பிப் போட்டார். அவள் மெல்ல என் பக்கம் சாய்ந்தாள். வந்துவிட்டது என்று காதைக் கொடுத்தேன்.

"அந்தக் கேஸ்கெட்டைத் தொலைச்சிராதீங்க. ஞானவேலுக்குத் திருப்பிக் குடுக்கணும்."