பன்னிரண்டாம் படியும் அரை நாளும்

உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு: அந்த இரண்டு வகையும் சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று அடிக்கோல் வைத்துச் சரிபார்ப்பவர்.

நம்மவருக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஆசிரியர்கள் வைத்த பெயர் கட்டக்காரர். வருஷா வருஷம் அரசாங்கத்திலிருந்து ஓர் அட்டவணை வரும். மேலே படிப்பு, பக்கத்தில் சர்வீஸ், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் சம்பளம். எல்லா ஆசிரியரும் அவரவர் கட்டத்தில்தான் இருக்கிறாரா என்று பார்த்து அனுப்பினால் அதன்படி மானியம் வரும். உங்களுக்கும் எனக்கும் இது தலைவலி. அவருக்கோ முகத்தில் கல்யாணக் களை! இஸ்திரி போட்ட சட்டை, காதில் சிவப்புப் பென்சில், எச்சில் தொட்டுத் தாள் புரட்டும் விரல், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைச் சாய்த்து ஒரு முனகல்: "எங்கயோ இடிக்குதே!"

இடித்தால்தான் அவருக்கு உயிரே வரும். கண்டுபிடித்த தப்பால் ஆசிரியருக்குச் சம்பளம் கூடுமா குறையுமா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. வீட்டிலும் இதே கதைதான். மைத்துனருக்கு உறவில் பதினைந்து வருஷ சர்வீஸ், ஆனால் தகுதி பத்தாது, பழைய படியிலேயே இருக்கட்டும் என்பார். "சரி, என்னை எந்தக் கட்டத்துல வெச்சிருக்கீங்க?" என்று மனைவி ஆசையாகக் கேட்டபோது, "ரெக்கார்டைப் பார்க்காம எப்படிம்மா சொல்றது?" என்றார். அன்று ராத்திரி அவரே சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இந்த வருஷ அட்டவணையை அனுப்பக் கடைசி நாள். நாலு மணிக்கு இணையதளம் மூடிவிடும். மூன்று மணிக்குப் பூகோள டீச்சரின் கோப்பில் நம்மவர் தலை சாய்ந்தது. இங்கே ஒன்பது வருஷம், பழைய பள்ளியில் மூன்று. பன்னிரண்டு நிறைந்தால் அடுத்த படி, பன்னிரண்டாம் படி. அது கிடைத்தால் சாயங்கால டியூஷனை விட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையோடு வீட்டில் இருக்கலாம் என்று டீச்சர் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார். தவறினால் இன்னொரு வருஷம்.

"எங்கயோ இடிக்குதே டீச்சர். பழைய ஸ்கூல்ல ஜூன் பதினஞ்சு பிற்பகல் சேர்ந்திருக்கீங்க. மூணு வருஷம் கழிச்சு ஜூன் பதினாலு பிற்பகல் விடுவிச்சிருக்காங்க. அரை நாள் குறையுது!"

"சார், அரை நாளா! விளையாடாதீங்க சார்."

விளையாட்டா? அவரா? பழைய பள்ளிக்குத் தொலைபேசி பறந்தது. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த முனையிலிருந்து, நெஞ்சார, ஒரு குரல்: "சார்... எங்கயோ இடிக்குதே!"

அடடா! அங்கேயும் ஒரு கட்டக்காரர்! பிரிந்த அண்ணன் தம்பி சேர்ந்த மாதிரிதான். முற்பகல் எத்தனை மணிக்கு முடிகிறது, மணி அடித்தபின் போட்ட கையெழுத்து எந்த வேளையில் சேரும் என்று இருவரும் கொஞ்சிக் குலாவினார்கள். மணி மூன்றே முக்கால். டீச்சர் தொலைபேசியின் பக்கம் குனிந்தார்.

"பதினஞ்சாம் தேதி காலைல பீரோ சாவி ஒப்படைக்க வந்தேன் சார்! ரிஜிஸ்டர்லகூட கையெழுத்து வாங்கினாங்க!" என்று கத்தியே விட்டார்.

அங்கே வருகைப் பதிவேடு புரண்டது. இருந்தது! அரை நாள் அகப்பட்டது! மூன்று ஐம்பத்தாறுக்குத் திருத்திய சான்றிதழ் முத்திரையோடு மின்னஞ்சலில் வந்து குதித்தது. நம்மவர் நாற்காலியைவிட்டு எழுந்து ஒரு சுற்றே சுற்றிவிட்டார். டீச்சரைப் பன்னிரண்டாம் படியில் ஏற்றி, சான்றிதழை இணைத்து, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தார்.

வைத்தவர், எடுத்துவிட்டார்.

"எதுக்கும் முதல்லேர்ந்து ஒரு தடவை பார்த்துடறேனே."

"சார், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு!"

"மொத்தம் நாப்பத்தொரு பேர்தான் டீச்சர்..." அடிக்கோல் முதல் பெயரின் கீழே போய் உட்கார்ந்தது. ஐந்தாவது பெயருக்கு வரும்போது மூன்று ஐம்பத்தொன்பது. டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? எட்டிப் பாய்ந்து, அவர் முழங்கைக்கு அடியில் கையை நுழைத்து, பொத்தானை அழுத்தியே விட்டார்! திரையில் பச்சை எழுத்து: ஏற்கப்பட்டது. டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகனுக்குப் போன் போட்டு, "இனிமே சாயங்காலம் அம்மா வீட்லதான்டா!" என்று வராந்தாவில் நின்று கூவினார்.

நம்மவர் இடி விழுந்தவர்போல உட்கார்ந்திருந்தார். அடுத்த இரண்டு நாள் நகலை வைத்துக்கொண்டு நாற்பத்தொரு பேரையும் மூன்று முறை பார்த்தார். ஒரு தப்பும் இல்லை. இதைவிடப் பெரிய துக்கம் அந்த ஆளுக்கு வந்ததில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்ல ஆள்தான் நீங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள். டீச்சர் அந்தப் பொத்தானை அழுத்தினாரே, அந்த நொடியில் உங்கள் மனசு என்ன சொன்னது? 'அப்பாடா' என்றா, அல்லது, 'ஐயோ, மிச்சம் முப்பத்தாறு பேரையும் பார்த்திருக்கலாமே' என்றா?