பங்கு இல்லாத நாடு

குளத்தூர்,
ஒன்பதாம் தேதி, செவ்வாய் காலை

மாசற்ற மாதாவின் காவலில் மடத்துக்குள் சுகமாயிருக்கும் என் அக்கா சிஸ்டர் லூர்துமேரிக்கு, தங்கை அல்போன்சம்மா முழந்தாளில் நிற்காத குறையாக எழுதுவது. கர்த்தரின் தயவால் இங்கு எல்லோரும் சுகம். கிணற்றில் தண்ணீர் உண்டு. என் முட்டுவலியும் உண்டு. உங்கள் சுகத்துக்கும், கூட இருக்கும் இருபத்தொரு கன்னியரின் சுகத்துக்கும் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா, அவசரம். உங்கள் மடத்தில் போன் பேச அனுமதி இல்லாததால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு எழுதிய கடிதத்தில், என் மகள் ரெஷ்மா சிலி நாட்டுக்குப் போவது எப்படியாவது தடைப்பட வேண்டும் என்று எல்லாக் கன்னியரும் சேர்ந்து ஜெபிக்கக் கேட்டிருந்தேன் அல்லவா? அந்த ஜெபத்தை இந்த நிமிஷமே நிறுத்தி அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும்.

நடந்தது இதுதான். ரெஷ்மாவும் கூடப் படித்த ஆதிராவும் சேர்ந்து, மீனின் பக்கத்தில் வைத்தால் அது நல்லதா கெட்டதா என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி செய்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு மூக்கே போதும். அந்தப் பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே என் மூக்குதான்; நானூற்றிப் பன்னிரண்டு மீனை முகர்ந்து பார்த்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று தேதி போட்டு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். இப்படிப் புதுத்தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சிலி அரசாங்கம் பணம் கொடுத்து, ஆறு மாதம் அங்கேயே வந்திருந்து தொழிலை வளர்க்கச் சொல்கிறதாம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அன்று மத்தியானம் நான் அடுப்படியில் சாளை பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சத்தத்தில், ரெஷ்மா தன் அப்பாவிடம் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

“அங்க பங்கு ஒண்ணும் கிடையாதுப்பா. கவர்மென்றே அப்படித்தான் சட்டம் வெச்சிருக்கு.”

என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. பங்கு இல்லாத ஊரா? கோவிலும் சாமியாரும் இல்லாத இடத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கே போவாள்? பாவசங்கீர்த்தனம் யாரிடம் செய்வாள்? ஓடிப்போய், “இது தெரிஞ்சுமா பிள்ளைய அனுப்பப் போறிய?” என்று அவரிடம் கேட்டேன்.

“பின்னே? பங்கு கேக்காம பைசா தாறவன் உலகத்துல எவன் உண்டு? அருமையான கவர்மென்று ஆக்கும்!”

“பங்கு இல்லாம மனுசன் ஜீவிக்க ஒக்குமா?”

“பங்கு இல்லன்னா நிம்மதியில்லா! முப்பது வருசமா நானும் பாக்கேன், பங்குன்னு சொன்னாலே சண்டைதான்.”

பங்குப் பேரவையில் ஆறு வருடம் இருந்த மனிதர் பேசுகிற பேச்சா இது! அன்று சாயங்காலமே உங்களுக்கு எழுதிவிட்டேன். வெளியூர் போயிருந்த பங்குச்சாமியார் போன வாரம் திரும்பி வந்ததும் அவரிடமும் போய் அழுதேன். அவரும் நாடியில் கைவைத்து யோசித்து, முந்தாநாள் ஞாயிறு பூசையில், “நம்முடைய மகள் ஒருத்தி பங்கே இல்லாத தேசத்துக்குப் போகிறாள், அவளுடைய விசுவாசத்துக்காக மன்றாடுவோம்” என்று மைக்கில் சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிந்து ஐந்து லிட்டர் கேன் நிறையத் தீர்த்தம் கொண்டுவந்து, “ஆறு மாசத்துக்கு இது காணும் மக்கா” என்று ரெஷ்மாவைக் கட்டிப்பிடித்துக் கரைந்தாள். வீட்டுக்கு வந்ததும் ரெஷ்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“எம்மா, பங்குன்னா கோவில் இல்லம்மா, ஷேரு! சாதாரணம் பைசா தாறவங்க கம்பெனியில ஷேரு கேப்பாங்க. இவங்க கேக்கல்ல. அப்பாக்க வள்ளத்துல மீனுக்குப் பங்கு வைக்கல்லியா, அந்தப் பங்கு!”

பிறகு போனில் காட்டினாள். திரும்பின பக்கமெல்லாம் கோவில். தலைநகரத்துக்குப் பேரே சந்தியாகோ, அதாவது நம்முடைய புனித சந்தியாகப்பர். அவருடைய ஊருக்குப் போகிற பிள்ளைக்கா நான் தடை கேட்டேன்!

ஆனால் அதற்குள் உங்கள் ஜெபம் நல்ல வேகத்தில் வேலை செய்துவிட்டது அக்கா. முதலில் போட்டோ. பல் தெரியக் கூடாதாம், நம் குடும்பத்துப் பல்தான் உங்களுக்குத் தெரியுமே, நாலு தடவை திரும்பி வந்தது. அது சரியானதும், சான்றிதழ்களை ஸ்பானிஷ் மொழியில் மாற்றித்தந்த ஆள், நம் வீட்டுப் பேரான புத்தன்வீடு என்பதையும் சேர்த்து மொழிபெயர்த்து ‘புதிய வீடு’ என்று எழுதிவிட்டான். இந்தப் பெண் எந்த வீட்டுக்காரி என்று அங்கிருந்து கேள்வி வந்தது. ரெஷ்மாவின் அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் போய், “வீடு கெட்டி முப்பத்தாறு வருசமாச்சு சாரே, புதுசு இல்லன்னு எழுதித் தாருங்க” என்று சொல்ல, அவரும் அப்படியே முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க, இப்போது எங்களுக்குப் புத்தன்வீடு, புதிய வீடு, பழைய வீடு என்று மூன்று வீடு. ஆதிராவுக்காக யாரும் ஜெபிக்கவில்லை. அவளுக்கு முதல் வாரமே விசா வந்துவிட்டது.

பதினைந்தாம் தேதிக்குள் விசா வராவிட்டால் ரெஷ்மாவின் இடம் போய்விடும். “சாரமில்லம்மா, போனா போட்டும், வேற வேலை பாக்கலாம்” என்று சிரிக்கிறாள். ஆனால் அவளுக்குச் சோறுதான் இறங்கவில்லை. உங்களிடம் இப்படி ஒரு ஜெபம் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை அக்கா.

ஆகவே ஜெபத்தில் ‘தடுத்தருளும்’ என்று வரும் இடத்தில் ‘அனுப்பியருளும்’ என்று மாற்றினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மதரம்மாவுக்கு என் தோத்திரம். எல்லாக் கன்னியருக்கும் சர்வேசுரன் நல்ல தூக்கமும் திடமான முழங்காலும் கொடுப்பாராக.

உங்கள் பாவப்பட்ட தங்கை,
அல்போன்சம்மா

பி.கு. அக்கா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். நான் கேட்டதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றும், முதல் நாளிலிருந்தே எல்லோரும் ரெஷ்மா நல்லபடியாகப் போய்ச்சேரத்தான் ஜெபிக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐயோ அக்கா, எதையும் திருப்பிவிடாதீர்கள்! திருப்பினால் போச்சு!

அப்படியானால் இத்தனை தடங்கலும் எங்கிருந்து வந்தது? வெட்கத்தில் மேலே எழுதாமல் விட்டேன்: நானும் இங்கே அவள் போகக் கூடாதென்று தினம் இரண்டு வீதம், போன சனிக்கிழமை வரை முப்பத்தெட்டு செபமாலை சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரிந்ததும்தான் நிறுத்தினேன். இதை எழுதும்போதே உள்ளே ரெஷ்மா கூவுகிறாள். விசா வந்துவிட்டது! அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். வாயைப் பிளந்து கேட்டவள், கடைசியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, இனி நீ எனக்க பக்கம் நில்லு கேட்டியா. இந்தப் பக்கம் இருபத்திரண்டு கன்னியரு நின்னும் ஒன்ன ஒருத்திய அசைக்க முடியல்லியே!”