குளிர்ச்சி அண்ணாச்சியின் சூடு

சங்கரன்கோவிலில் முறையாகப் பயப்படத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். நாங்களெல்லாம் சும்மா நடுங்குகிற கூட்டம்.

அவர் பெயர் குளிர்ச்சி அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து, பனிமலை எல்லையில் சப்பாத்தி சுட்டுப் போட்டு, ஓய்வு பெற்று வந்து என் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை வைத்தார். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தைக் கண்காணிக்கப் போலீஸ் ட்ரோன் வருகிறது, உடம்புச் சூட்டை வைத்தே ஆளை வெள்ளையாகக் காட்டும் பட்டாளத்துக் கேமரா அதில் இருக்கிறது என்ற செய்தி வந்த அன்றுதான் பட்டப்பெயரும் வந்தது.

பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்து, கல்லில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். ஆவிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "வே, மேல இருந்து பாத்தா இந்தக் கல்லு குண்டு மாதிரி தெரியும். போட்டுட்டுத்தான் என்னன்னு கேப்பான்."

மறுநாள் அது கம்பங்கூழ்க் கடை.

எங்கள் ஊரில் கண் எரிந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, பிள்ளை சொன்னபடி கேட்காவிட்டால் அதுவும் சூடுதான். கேமரா பார்க்கிற சூடு வேறு என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? தலையில் விளக்கெண்ணெய், வயிற்றில் வெந்தயம், தோளில் ஈரச்சாக்கு என்று ஆகிவிட்டார். வண்டு பறந்தால்கூடச் சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கூழ் குடிக்க வந்தவர்களுக்கு இலவசமாக எச்சரிக்கையும் உண்டு: "பிரியாணி தின்னுட்டு ரோட்டுக்கு வராதீய. வெள்ளை வெளேர்னு தெரிவிய."

சிரித்தோம். ஆனால் பிரியாணிக் கடை வாசலில் கை கழுவுகிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்க்கடை டெய்லர் யாருக்கும் தெரியாமல் வெந்தயம் வாங்கினார். ராயகிரியிலிருந்து வந்த அண்ணாச்சியின் மச்சினர், ஜெயிலிலும் இதை வைக்கப்போகிறார்களாம், கைதி புரண்டு படுத்தாலே தெரிந்துவிடுமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அண்ணாச்சிக்குக் கூழே இறங்கவில்லை.

தப்பு செய்யாதவருக்கு என்ன பயம் என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எல்லையில ஒரே பனிமூட்டம். ஆபீசர் சூட்டைக் காட்டுற கண்ணாடில என்னையும் பாக்கச் சொன்னாரு. பாறை இடுக்குல வெள்ளையா ஒண்ணு அசையுது. சுட்டுட்டாவ. மூட்டம் விலகிப் போயி பாத்தா ஆடு. அது என்ன தப்பு வே செஞ்சுது? கண்ணாடில வெள்ளையா இருந்தது, சூடு ஆற ஆற மெல்ல மெல்லக் கறுத்துச்சு. அதத்தான் என்னால மறக்க முடியல."

அன்று நானும் ஒரு ஸ்பூன் வெந்தயம் தின்றேன்.

தபசு அன்று ஊரே கோயிலைப் பார்த்து வர, அண்ணாச்சி கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் காட்டைப் பார்த்துப் போய்விட்டார். போனும் சூடாகிறதென்று வீட்டிலேயே வைத்துவிட்டார். பொழுது சாயும்வரை ஆளைக் காணோம். சர்க்கரைக்காரர், சாப்பாடும் மாத்திரையும் தப்பினால் மயங்கி விழுந்துவிடுவார். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, என் கடை வாசலில் வந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை. தேடாத வரப்பில்லை. கடைசியில், எதற்குப் பயந்து ஓடினாரோ அதையே போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

போலீஸ்காரத் தம்பி ஒருவர் ட்ரோனோடு வந்தார். திரையில் மாடு தெரிந்தது, நாய் தெரிந்தது, மனுஷன் மட்டும் இல்லை. அப்படியென்றால் உடம்பு ஆறிவிட்டதா?

மதினிதான் சொன்னாள். "சத்தம் கேட்டுருக்கும்லா. சாக்கைப் போத்திக்கிட்டு இருப்பாவ."

நாங்கள் தேடத் தேட அவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். தம்பி ட்ரோனில் ஸ்பீக்கர் இருப்பதாகச் சொல்லி மைக்கை நீட்டினார். நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசியிராத மதினி, காடு முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"ஏங்க, நான்தான். யாரும் சுட மாட்டாவ. சாக்கை எடுங்க. உங்க சூட்டை நான் பாக்கணும்."

திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஓடைக்கரையில் சின்னதாய் ஒரு வெள்ளை. ஒரு கை. அப்புறம் தலை. விளக்கெண்ணெய் தடவிய அந்தத் தலை நிலா மாதிரி ஒளிர்ந்தது.

மதினி அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "கறுக்காமப் பாத்துக்கிடுதேன். நீங்க ஓடுங்க."

ஓடினோம். கால் பிசகி, நா வறண்டு கிடந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "ரொம்பவா வே தெரிஞ்சேன்?"

இப்போது கடைக்குப் பரோட்டா திரும்பி வந்துவிட்டது. பயம் போகவில்லை. மேலே சத்தம் கேட்டால் இன்றும் சாக்கைத் தேடுவார். நான் கடையைப் போட்டது போட்டபடி போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவ்வளவு வெந்தயம் தின்றும், அந்தக் கை சூடாகத்தான் இருக்கிறது.