மூன்று ஜோடி சாக்ஸும் மாமனாரின் மீன் குட்டையும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. கல்யாணமான புதிதில் சுத்தமாக வராது.

ராசிபுரம் பக்கம் என் மாமனார் தோட்டத்தில் ஒரு மீன் குட்டை உண்டு. மீன் பிடிக்கும் நாளில் விருந்துக்குப் போயிருந்தேன். வலை இழுக்க ஓர் ஆள் குறைந்தது.

"நான் இறங்கறேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். (அதுவரை எந்தக் குட்டையிலும் சுண்டுவிரல்கூட வைத்ததில்லை.)

சேற்றுக்குள் காலை என்ன கடிக்குமோ என்ற பயம் அப்புறம்தான் வந்தது. நல்லவேளை, மச்சினன் ஒரு ரப்பர் உடை வாங்கி வைத்திருந்தான். நெஞ்சு வரை வரும் கால்சட்டை, அடியில் அதனோடே ஒட்டிய பூட்ஸ். அவன் கால் ஒன்பதாம் நம்பர், என் கால் ஏழாம் நம்பர்.

"மெல்லிசா ஒரு பருத்தி சாக்ஸ் போதுங்க. பூட்ஸ் நுனியில கொஞ்சம் துணி வெச்சுக்கலாம்" என்றாள் மனைவி கவிதா.

"குமாரபாளையத்துத் தறிக்காரனுக்கே நூலைப் பத்திச் சொல்றியா?" என்றேன். (எங்கள் தறியில் ஓடியது லுங்கி மட்டும்தான்.)

முதலில் கல்யாணத்துக்கு வாங்கிய நைலான் சாக்ஸ். அதன்மேல் ஏற்காட்டில் வாங்கிய கம்பளி சாக்ஸ். அதற்கும் மேல் மச்சினனின் கால்பந்து சாக்ஸ். வெளியே சித்திரை வெயில்.

கரையிலேயே பாதம் வேக ஆரம்பித்தது. தண்ணீரில் பத்தடி போனதும் கம்பளி சுருண்டு, உள்ளங்காலுக்கடியில் எலுமிச்சம்பழம் போல உருண்டு நின்றது. ஒவ்வொரு அடிக்கும் அதன்மேல் ஏறி இறங்கினேன். வலையின் ஒரு முனை என் கையில். மீன் வியாபாரி வண்டியோடு கரையில் காத்திருந்தார். வலை கரையை நெருங்கும் நேரத்தில் இடது காலில் சுரீரென்று நரம்பு இழுத்தது. குனிந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய பெரிய கட்லா மீன்கள் என் இடுப்பை உரசிக்கொண்டு போயின.

"மாப்ளே, உட்றாதீங்க!" என்று மாமனார் கத்தியபோது, விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. குனிந்ததில் நெஞ்சு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, மூன்று ஜோடி சாக்ஸும் ஊறிப் பருத்துவிட்டன.

என்னைக் கரையில் தூக்கிப் போட்டார்கள். ரப்பர் கால்சட்டை முழங்கால் வரை இறங்கியது; பூட்ஸ் அசையவில்லை. மாமனாரே குனிந்தார்.

"ஐயோ மாமா, நீங்க போயி என் காலை..."

"பேசாம நீட்டுங்க சாமி!"

ஓங்கி இழுத்தார். கால்சட்டையோடு பூட்ஸ் சட்டென்று கழன்றது. அதைக் குழந்தைபோல மார்போடு அணைத்தபடி மாமனார் சேற்றில் மல்லாந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. கவிதா என் காலிலிருந்து கால்பந்து சாக்ஸை உருவினாள். பிறகு கம்பளியை.

"அடியில இன்னொண்ணும் இருக்குதா கண்ணு?" என்றார் மாமியார்.

"இருக்குதும்மா."

சேற்றில் கிடந்தபடியே மாமனார்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு குட்டையே சிரித்தது.

இன்றுவரை அங்கே பெரிய மீன் எது சிக்கினாலும் அதற்கு 'மாப்ள உட்ட மீனு' என்றுதான் பெயர். போன மாதம் மாமனார் குளிக்கப் போயிருந்தபோது அவர் போன் அடித்தது. நான் எடுத்தேன். அதே வியாபாரி.

"ஏனுங்க, மாப்ள உட்டது இந்தத் தடவையாச்சும் சிக்குமுங்களா?... ஆமா, பேசறது யாருங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரனுங்க" என்றேன்.