மூன்றாவது பெட்டி ஜீயபுரத்தில்

"எல்லாம் நல்லா ஓடுது சார்" என்று சொன்னால் முகம் வெளிறிப்போகிற மனிதர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் மாத்து சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். எதைப் பார்த்தாலும் "இதுக்கு மாத்து இருக்கா?" என்று கேட்பார், அதனால் எங்களுக்கு அவர் மாத்து சார்தான்.

சமயபுரம் போனால் இரண்டு ஜோடிச் செருப்பு கொண்டுபோய் இரண்டு கடையில் விடுவார். ஒருமுறை சென்னைக்கு ரயிலிலும் டிக்கெட் போட்டார், பஸ்ஸிலும் போட்டார். எது லேட், எது சரியான நேரம் என்று விசாரிக்க ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்டோவில் மாறி மாறிப் பறந்து, இரண்டையும் கோட்டைவிட்டு வீடு திரும்பினார்.

"பிளான் கரெக்டுதான் தம்பி. எதுல ஏறணும்னு சொல்ல ஒரு ஆள் இல்ல, அதான் தப்பு" என்றார்.

ஆம்புலன்ஸ்களுக்கு வழி காட்டும் மேப்தான் எங்கள் தொழில். எந்தத் தெரு அடைப்பு, எந்தப் பாலத்தில் நெரிசல் என்று வண்டிக்குள் உடனுக்குடன் காட்டும் சர்வர் கம்ப்யூட்டர் கன்டோன்மென்ட் ஆபீஸில் இருந்தது. அது படுத்துவிட்டால் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொன்று திருவெறும்பூரில் இருந்தது. நிஜமாகவே எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க மாத்து சார் சொல்லாமல் கொள்ளாமல் முதல் சர்வரின் வயரைப் பிடுங்குவார். முதலாளி விருந்தாளிகளுக்கு மேப்பைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோதும் பிடுங்கினார்.

"என்னய்யா பண்றீங்க?" என்று முதலாளி அலறினார்.

"நாமளா புடுங்கினா திருப்பிச் சொருகலாம் சார். அதுவா புடுங்கிக்கிட்டா?"

ஒருநாள் இரண்டு சர்வருக்கும் நடுவில் இருந்த லைன் மட்டும் அறுந்தது. 'அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி நான்தான்' என்று இரண்டுமே முடிவுகட்டின. ஒரே வண்டியை ஒன்று கிழக்கே போகச் சொன்னது, மற்றது மேற்கே போகச் சொன்னது. நல்லவேளை, காலி வண்டி. அன்றிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டில் எது வேலை பார்ப்பது என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஓர் இடத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "ரெண்டே ஜாஸ்திய்யா" என்றுவிட்டார் முதலாளி. சார் அசரவில்லை. ஜீயபுரத்தில் தன் வீட்டு ஹாலில் டிவி இருந்த இடத்தில் அந்தப் பெட்டியை வைத்தார். டிவி சமையலறைக்குப் போனது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் முதல் வரிசை நான்தான்.

மார்கழியில் என் சிரிப்பு அடங்கியது. என் மனைவி கவிதா நிறைமாதமாக ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரி காவிரிக்கு இந்தப் பக்கம். "குழந்தை குறுக்கால கிடக்கு, வலி வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி வந்ததோ வைகுண்ட ஏகாதசியன்று காலையில். ஸ்ரீரங்கம் முழுக்க ஜனம், தெருவுக்குத் தெரு தடுப்பு. எனக்கோ ஆபீஸில் டூட்டி. அவளை ஏற்றிய வண்டி என் திரையில் ஒரு புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் அன்னதானப் பந்தலுக்குக் குழி தோண்டியவர்கள் ஆபீஸ் கேபிளை அறுத்துவிட்டார்கள். திரை செத்தது. என் செல்போன் அடித்தது.

"சார், மேப்பு நின்னுபோச்சு! எங்க பாத்தாலும் தடுப்பு. எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்று டிரைவர் கத்தினார். பின்னால் கவிதா முனகுவது கேட்டது.

திருவெறும்பூர் சர்வர் வேலையை எடுக்க வேண்டுமென்றால் ஜீயபுரம் பெட்டி தலையாட்ட வேண்டும். பக்கத்தில் நின்ற மாத்து சாரின் போனும் அடித்தது. அவர் மனைவி பேசியது எனக்கே கேட்டது.

"ஏங்க, இங்க கரண்ட் போய் ரொம்ப நேரமாச்சு. இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்துது, நிக்கப் போவுது!"

"ஃப்ரிட்ஜ அணை, டிவிய அணை. பொட்டி மேல மட்டும் கை வெக்காத!"

"எங்கம்மா டிவில பெருமாளப் பாத்துக்கிட்டிருக்காங்க. பெருமாளையா அணைக்கச் சொல்றீங்க?"

"பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. ஒரு புள்ளத்தாச்சி நடுரோட்டுல நிக்குது. அணை!"

போனில் மாமியாரின் அர்ச்சனை கேட்டது. மாத்து சார் கண்ணை மூடிக்கொண்டார். என் கையை அவர் பிடித்திருந்தாரா, நான் அவர் கையைப் பிடித்திருந்தேனா, தெரியாது.

"வந்துடுச்சு சார்! மேப்பு வந்துடுச்சு! சந்து வழியா காட்டுது, போயிடறேன்!" என்றார் டிரைவர். மாத்து சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சாயங்காலம் வார்டை விட்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் மாத்து சார் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்ப மனம் வரவில்லை.

"ஜெனரேட்டர் ஓடுமா, டீசல் இருக்கான்னு கேட்டு காலைலேருந்து எங்க உசிர வாங்கிட்டாருங்க. யாருங்க இவரு, உங்களுக்குச் சொந்தமா?" என்றார் நர்ஸ்.

"ஆமாங்க" என்றேன். "பாப்பாவோட பெரியப்பா."