உறை பிரியாத ஒரு சாதனை

கணினி என்று ஒன்று தோன்றிய நாள்முதல் அது சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சூட்டை ஒரு கமிட்டி போட்டே அடக்கிக் காட்டிய ஒரே அலுவலகம் எங்களுடையது. கமிட்டியின் தலைவர் நான்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் புதுப் பொருளின் உறையைப் பிரிக்கும் கெட்ட பழக்கம் கிடையாது. நாற்காலிகள்கூடப் பிளாஸ்டிக்கோடுதான் இருக்கின்றன. உட்கார்ந்தால் சரசரவென்று ஊரைக் கூட்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள், "அடடா, எல்லாம் புத்தம்புதுசா வச்சிருக்கீங்களே!" என்று உருகிவிட்டுப் போவார்கள்.

ஆகவே, கணினிக்குப் புதுப் பிராசஸரும் அதைக் குளிர வைக்கும் கூலரும் வந்தபோது, கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கப்போன மெக்கானிக்கின் கையைப் பாய்ந்து பிடித்தேன்.

"சார், இதை உரிச்சுப் பேஸ்ட் தடவினாத்தான் சூடு வெளிய போகும்."

"புது சாமான்ப்பா. அப்படியே மாட்டு."

"சூடாகி நின்னுடும் சார்."

"அதை நாங்க பாத்துக்கறோம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு மாட்டினார். பேஸ்ட் டியூபை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கணினி ஏழு நிமிடம் ஓடியது. எட்டாவது நிமிடம் அணைந்தது. உடனே 'வெப்பத் தடுப்புக் கமிட்டி' உதயமாயிற்று. முதல் கூட்டத்தில் எல்லா விசிறிகளையும் கணினிப் பக்கம் திருப்பினோம். இரண்டாவது கூட்டத்தில் கணினி, மேனேஜரின் ஏ.சி. அறைக்குக் குடிபெயர்ந்தது, மேனேஜர் வராந்தாவுக்குக் குடிபெயர்ந்தார். மூன்றாவதில், கணினியிடம் யாரும் கடுமையாக வேலை வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டோம்.

இவ்வளவு அக்கறையையும் மதிக்காத ஒரே ஜீவன் எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. அவருடைய கணவரும் நாலு வயது மகளும் வேறு ஊரில். இடமாற்ற விண்ணப்பத்தைக் கணினியில்தான் அனுப்ப வேண்டும். அதை நிரப்பப் பத்து நிமிடம் ஆகும்.

"சார், போன வாரம் வீட்டுக்குப் போனா, என் பொண்ணு என்னைப் பாத்து 'வாங்க ஆன்ட்டி'ங்கறா."

"பதறாதீங்கம்மா. நாளைக்கு நாலாவது கூட்டம் இருக்கு."

"விண்ணப்பம் அனுப்பற கெடு இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது சார்!"

நாலரை மணிக்கு அந்த அம்மா ஸ்க்ரூ டிரைவரோடு கணினிமேல் பாய்ந்தார். கூலரைக் கழற்றி, தாளை உரித்து, பேஸ்ட் தடவி மாட்டினார். கணினி பத்து நிமிடம் தாண்டியும் சமர்த்தாக ஓடியது. விண்ணப்பத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம்: மேற்பார்வையாளர் ஒப்புதல். அதாவது நான்.

நானோ அவசரக் கூட்டத்தில் இருந்தேன். அலுவலக உடைமையை உரித்ததற்காக அந்த அம்மாவுக்கு மெமோ கொடுப்பது பற்றி.

"சார், ஒரே ஒரு கிளிக்!" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது. அழுகிற குரல்தான். எனக்கும் தெரிந்தது.

"கூட்டம் நடக்குதும்மா!"

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குக் கூட்டம் இனிதே முடிந்தது.

அதன்பிறகு கணினி ஒருமுறைகூடச் சூடாகவில்லை. கமிட்டியின் சாதனைக்குத் தலைமையகத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. சட்டம் போட்டு, குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். வந்தபடியே சுவரில் மாட்டினேன். எதிர் மேசையிலிருந்து டைப்பிஸ்ட் அம்மா தினமும் அதைப் பார்க்கிறார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நேற்று கேட்டார்: "பிளாஸ்டிக்கைப் பிரிங்களேன் சார். உள்ள யார் பேர் இருக்குன்னே தெரியல."

"அதுக்குத்தாம்மா பிரிக்கல" என்றேன்.